கோழிக்கு எந்தத் தண்ணீர்?

1980களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முட்டைக்கோழிகளுக்குச் சோடா கொடுத்துப் பார்த்தார்கள். கலர் சேர்க்காத, இனிப்பில்லாத வெறும் சோடாதான். கோழிகள் இருந்த அறையின் வெப்பத்தைக் கூட்டி, ஒரு கூட்டத்துக்குக் குழாய்த் தண்ணீரும் இன்னொரு கூட்டத்துக்குக் கரியமில வாயு ஏற்றிய தண்ணீரும் வைத்தார்கள். சோடா குடித்த கோழிகளின் முட்டை ஓடு கெட்டியாக இருந்தது. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் புதுச்சேரியின் வைத்திக்குப்பத்திலோ சோலை நகரிலோ வீட்டுக்குப் பின்னால் நாலைந்து கோழி வளர்ப்பவர்கள் சித்திரை பிறந்ததும் ‘முட்டை தொட்டாலே நசுங்குது’ என்று அலுத்துக்கொள்கிறார்களே, அதற்கான காரணம் இந்தச் சோதனைக்குள்தான் இருக்கிறது.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. சாதாரண நாளிலேயே அதன் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். மனிதருக்கு அது கடுங்காய்ச்சல். வெளியே 30 டிகிரியைத் தாண்டினால் கோழி இறக்கைகளை உடம்பிலிருந்து விலக்கிப் பிடிக்கும். கொண்டைக்கும் தாடிக்கும் கூடுதலாக ரத்தத்தை அனுப்பும். அதுவும் போதாதபோது அலகைத் திறந்து மூச்சிரைக்கும். நிமிடத்துக்கு இருபது, முப்பது முறை விட்ட மூச்சு 150ஐத் தாண்டிவிடும். ஒவ்வொரு மூச்சிலும் தொண்டையின் ஈரம் ஆவியாகி, உடற்சூட்டில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறது.

அந்த மூச்சோடு ரத்தத்தில் கரைந்திருந்த கரியமில வாயுவும் வெளியேறிவிடுகிறது. அது குறையக் குறைய ரத்தத்தின் காரத்தன்மை ஏறுகிறது, பைகார்பனேட் இறங்குகிறது. முட்டை ஓடு ஏறக்குறைய முழுவதும் கால்சியம் கார்பனேட். கால்சியத்தைத் தீனியிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் கோழி, கார்பனேட்டைத் தன் உடம்பில் உண்டாகும் கரியமில வாயுவிலிருந்துதான் செய்துகொள்கிறது. மூச்சிரைத்து அதை இழந்த கோழிக்குத் தட்டு நிறையக் கிளிஞ்சல் வைத்தாலும் ஓடு சரியாக அமையாது. இல்லினாயில் சோடா செய்த வேலை, இழந்ததில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்ததுதான். அதற்காகக் கோலி சோடாவை உடைத்துக் கிண்ணத்தில் ஊற்ற வேண்டாம். திறந்த கிண்ணத்தில் வாயு சீக்கிரம் அடங்கிவிடும். கோழி வந்து பார்க்கும்போது அது வெறும் தண்ணீர்.

புதுச்சேரிக்கு இதில் தனிச் சங்கடம் ஒன்று உண்டு. முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லின் வெயில் வறண்ட வெயில். அங்கே மூச்சிரைக்கும் கோழியின் தொண்டை ஈரம் சட்டென்று ஆவியாகும். கடற்கரையில் துவைத்துப் போட்ட துணி காய நேரமாவதுபோல, ஈரக்காற்றில் கோழியின் மூச்சும் அரைகுறையாகத்தான் வேலை செய்கிறது. அதே குளிர்ச்சியைப் பெற அது இன்னும் வேகமாக இரைக்க வேண்டும், இன்னும் அதிகக் கரியமில வாயுவை இழக்க வேண்டும். மதியத்தில் கடற்காற்று ஏறியதும் நகரம் ஆசுவாசப்படும். அந்தக் காற்று தாமதமாகிற நாட்கள்தான் கோழிகளுக்குக் கண்டம். வெப்பமானி 38 டிகிரி காட்டினாலும் உட்கார்ந்த இடத்திலேயே கோழி சாய்வது அப்படிப்பட்ட நாட்களில்தான்.

இழக்கும் ஈரத்தைத் தண்ணீரால்தான் ஈடுகட்ட முடியும். மிதமான பருவத்தில் முட்டையிடும் கோழி ஒன்று நாளுக்கு 200 மில்லி அளவுக்குக் குடிக்கும். தின்னும் தீனியைப் போல ஏறக்குறைய இரு மடங்கு எடை அது. கோடை உச்சியில் இந்தக் கணக்கு இரட்டிப்பாகிவிடும். சிறுவிடை நாட்டுக்கோழிக்கு உடம்பு சிறியது என்பதால் அளவு குறையும், விகிதம் அப்படியே இருக்கும். முட்டையின் கருவிலும் வெள்ளையிலும் முக்கால் பங்கு தண்ணீர். சிறிய நாட்டுக்கோழி முட்டை ஒன்றை இடும்போதுகூட 25 கிராமுக்கு மேல் தண்ணீரை அந்தக் கோழி வெளியே வைக்கிறது. அதனால்தான் ஒரு பகல் முழுக்கத் தண்ணீர் கிடைக்காத கோழி, அடுத்து வரும் பல நாட்களுக்கு முட்டையை நிறுத்திவிடுகிறது.

கோழியால் புறாவைப்போல உறிஞ்சிக் குடிக்க முடியாது. அலகில் ஒரு துளி அள்ளி, தலையை அண்ணாந்து, தொண்டைக்குள் வழியவிட வேண்டும். ஒரு மடக்குக்கு அத்தனை வேலை. எனவே கிண்ணம் தூரத்தில் இருந்தாலோ, வெயிலில் நடந்து போக வேண்டியிருந்தாலோ, அடாவடிச் சேவல் ஒன்று அதன் பக்கத்தில் நின்றாலோ, பலவீனமான பெட்டைகள் குடிப்பதைத் தள்ளிப் போட்டுவிடும். நாலு கோழிக்கு ஒரு பெரிய தொட்டியைவிட, நிழலில் இரண்டு மூன்று இடங்களில் சின்னக் கிண்ணங்கள் நல்லது. குஞ்சுகள் இருக்கும் வீட்டில் கிண்ணத்துக்குள் நாலு கூழாங்கல். குஞ்சு முழுகாமல் இருக்க அது போதும்.

தண்ணீரின் சூடும் முக்கியம். கோழிக்கு இளஞ்சூட்டுத் தண்ணீர் பிடிக்காது. கிண்ணத்தின் சூடு அதன் உடற்சூட்டை நெருங்கினால், தாகம் இருந்தும் ஒதுங்கி நிற்கும். மொட்டை மாடியில் கருப்பு சின்டெக்ஸ் தொட்டி, அதிலிருந்து வெயிலில் நீளும் குழாய், கடைசியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு என்றிருக்கும் ஏற்பாட்டில் மே மாத மதியத்தில் வருவது கை சுடும் தண்ணீர். வில்லியனூர் பக்கத்துச் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தக் கலைப்பொருள் எல்லாம் கோழிக்குத் தேவையில்லை. சாதாரண மண் தட்டு போதும். அதன் மேற்பரப்பில் கசிந்து ஆவியாகும் ஈரம் தண்ணீரை ஓரிரு டிகிரியாவது தணிக்கும். கடலோர ஈரக்காற்றில் மண்பானைக்கும் திறன் குறைவு என்பதால் நிழலும், பகலில் மூன்று முறை மாற்றும் பழக்கமும் சேர வேண்டும்.

அந்தத் தட்டில் ஊற்றும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் புதுச்சேரியில் நீண்ட வரலாறு உண்டு. பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் வெள்ளை ஆயி மண்டபம் தண்ணீருக்கு எழுப்பிய நினைவுச் சின்னம்தான். தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டிய ஆயி என்ற தாசியின் கதையையும், முத்திரைப்பாளையத்திலிருந்து வாய்க்கால் வெட்டி நகருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்த பிரெஞ்சுப் பொறியாளரின் வேலையையும் சேர்த்து, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டியது அது. கடலோரத்தில் ஊர் இருந்தும் உள்நாட்டு மணற்கல் படுகையிலிருந்து தண்ணீர் எடுக்க வேண்டியிருக்கும் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. இன்றும் நகரம் குடிப்பது ஏறக்குறைய முழுக்க நிலத்தடி நீர். இறைக்கும் வேகத்துக்கு மழை ஈடுகொடுக்காத இடங்களில் கடல்நீர் உள்ளே நகர்ந்து, கரையோரத்து போர் தண்ணீர் பல தெருக்களில் கரிக்கிறது.

சமையலுக்கு அந்தத் தண்ணீரை யாரும் தொடுவதில்லை. வீட்டுக்குக் கேன் தண்ணீர், அல்லது ஆர்.ஓ. இயந்திரம். பாத்திரம் கழுவவும் கோழிக்கும் போர் தண்ணீர். ‘கோழிதானே, குடிச்சுக்கும்’ என்ற இந்த ஏற்பாட்டில்தான் பிரச்சினை தொடங்குகிறது.

கடற்காகங்களின் கண்ணுக்கு மேலே உப்பைப் பிரித்து வெளியேற்றும் சுரப்பி ஒன்று உண்டு. கடல்நீரைக் குடித்துவிட்டு, செறிந்த உப்புநீரை மூக்கு வழியாகச் சொட்டவிடும். கோழிக்கு அப்படி வேலை செய்யும் சுரப்பி இல்லை. சிறுநீரகமும் உப்பைச் செறிவாக்கி வெளியேற்றுவதில் கெட்டிக்காரத்தனம் காட்டாது. கூடுதல் உப்பு சேர்ந்தால் அதை வெளியேற்ற இன்னும் தண்ணீர் குடிக்க வேண்டும். எச்சம் நீர்த்துப் போகும், தரை ஈரமாகும், ஈரத்தில் அமோனியா கிளம்பும். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 1000 மில்லிகிராமுக்குள் இருந்தால் கோழிக்கு நல்ல தண்ணீர். 1000 முதல் 3000 வரை நீர்த்த எச்சம் எதிர்பார்க்கலாம். அதற்கு மேல் வளர்ச்சியும் முட்டையும் அடிபடும். 5000ஐத் தாண்டியது கோழிக்கு ஆகாது.

ஆனால் முட்டை ஓட்டின் விஷயத்தில் இந்த வரம்புகள் தாராளமானவை என்று காட்டியவர் ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் இருந்த டெரிக் பால்னேவ். 1980களில் அவரும் உடனிருந்தவர்களும் முட்டைக்கோழிகளின் தண்ணீரில் சமையல் உப்பைக் கலந்தார்கள். லிட்டருக்கு 600 மில்லிகிராம், அதாவது ஒரு சிட்டிகையை ஒட்டிய அளவு. கோழிகள் நன்றாகவே தின்றன, முட்டையும் இட்டன. ஓடுதான் மெலிந்தது, கீறலும் உடைசலும் கூடின. நல்ல தண்ணீருக்கு மாற்றிய பிறகும் பழுது உடனே விலகவில்லை. கரியமில வாயுவைப் பைகார்பனேட்டாக மாற்றும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி, ஓடு உருவாகும் கருப்பைப் பகுதியில் மந்தமாகிவிட்டதைக் கண்டார்கள். எல்லாக் கோழி இனத்திலும் இந்த விளைவு ஒரே அளவில் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்டு முழுக்க இடைவிடாமல் இடும் கலப்பினக் கோழியைத்தான் அது கடுமையாகத் தாக்கும். அடைக்கு உட்கார்ந்து ஓய்வெடுக்கும் நாட்டுக்கோழிக்குத் தப்பிக்க வழி அதிகம். கிராமப்ரியா, வனராஜா போன்ற கலப்பினங்களை வாங்கி வளர்ப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

வெயில் கரியமில வாயுவைப் பறிக்கிறது. உப்பு, மிஞ்சியதைப் பயன்படுத்தும் நொதியை மந்தமாக்குகிறது. இரண்டும் கோழியின் உடம்பில் ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன. புதுச்சேரிக் கரையோரத்தில் இரண்டும் ஒரே மாதத்தில் வருகின்றன.

ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரைக் கோழிக்கு வைக்கலாமா என்று பலருக்குச் சந்தேகம் வரும். கணக்கு எளிது. நாலு லிட்டர் உள்ளே போய் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் வந்தால், ஏறக்குறைய அத்தனை உப்பும் மிச்ச மூன்று லிட்டரில் சேரும். உள்ளே போன தண்ணீரில் உப்பு லிட்டருக்கு 900 மில்லிகிராம் என்றால் கழிவில் 1200. அது செடிக்குப் போகட்டும். கரைந்த உப்பை அளக்கும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி, குழாய், போர், கழிவு மூன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டால் வாக்குவாதம் தீர்ந்துவிடும். குடிநீர்க் குழாயில் காலையில் வரும் தண்ணீரை ஒரு குடம் பிடித்து வைப்பதுதான் பெரும்பாலான வீடுகளுக்குக் கட்டுப்படியாகும் வழி.

இந்த இடத்தில்தான் கடையில் விற்கும் எலக்ட்ரோலைட் பொட்டலத்தைப் பற்றிப் பேச முடியும். அதன் பின்னாலுள்ள அறிவியல் உறுதியானது, அதில் இந்தியாவுக்குப் பெருமையும் உண்டு. 1971இல் வங்காள எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, நரம்பு வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகலநபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைப் பீப்பாயில் வைத்து, வாய்வழியாகவே கொடுக்கச் சொன்னார். 30 சதவீதம் வரை போயிருந்த சாவு விகிதம் 4 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. குடலின் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஒன்றாகவே உள்ளே நுழைகின்றன. அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. கோழியின் குடலிலும் இந்த வாசல் உண்டு. கழிச்சலில் வற்றிய கோழிக்கும், பயணத்தில் வாடி வந்த குஞ்சுக்கும், மூச்சிரைத்துப் பொட்டாசியத்தை இழந்த பெட்டைக்கும் அது உண்மையிலேயே உதவும்.

உதவுவது ஓரிரு நாள். காலையில் கலந்து வைத்து, மாலையில் கொட்டிவிட்டு, இரவுக்கு வெறும் தண்ணீர் வைக்க வேண்டும். கோடை முழுக்க இதையே ஊற்றுவது, உப்புத் தண்ணீரின் கெடுதலைக் காசு கொடுத்து வாங்குவது. போர் தண்ணீரில் பொட்டலத்தைக் கரைப்பவர்கள் உப்பின் மேல் உப்பைக் கொட்டுகிறார்கள். பொட்டலத்தின் மேல் உள்ள சிறிய எழுத்தை வாசித்தால், சோடியம் குளோரைடு முதலில் வருகிறதா, பொட்டாசியம் குளோரைடும் சோடியம் பைகார்பனேட்டும் இருக்கின்றனவா என்பது தெரியும். வெயிலில் இரைக்கும் முட்டைக்கோழிக்குப் பின்னவைதான் வேண்டியவை.

வெல்லத் தண்ணீர் பழைய வழக்கம். பொரித்த குஞ்சுக்கு முதல் நாள் வெல்லமோ கருப்பட்டியோ கரைத்து வைப்பார்கள். குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருப்பதால் அது பட்டினியில் இல்லை. ஆனாலும் நீண்ட பயணம் வந்த குஞ்சுக்கு உடனடிச் சக்தியாக அது உதவும். ‘இனிப்பா இருந்தா நல்லாக் குடிக்கும்’ என்று சொல்வதில்தான் பிழை. இனிப்பை உணரும் ஏற்பிக்கான மரபணு கோழியிடம் இல்லை. சர்க்கரைத் தண்ணீரும் வெறும் தண்ணீரும் அதன் நாக்குக்கு ஒன்றுதான். இனிப்பை விரும்பி வருபவை கிண்ணத்தில் வளரும் பாக்டீரியாவும், ஓரத்தில் மொய்க்கும் எறும்பும்தான். வெல்லமோ வைட்டமினோ கரைத்த கிண்ணத்தின் உட்புறம் இரண்டே நாளில் வழவழக்கும். அந்தப் படலத்தை நாரால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், அலசினால் போகாது.

வைட்டமின் என்ற பொருளே கோழியிடமிருந்துதான் நமக்குத் தெரியவந்தது. ஜாவாவில் பட்டாவியா நகரத்து ராணுவ மருத்துவமனையில், 1880களின் இறுதியில், பெரிபெரி நோய்க்குக் கிருமி தேடிக்கொண்டிருந்தார் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மான். சோதனைக்கு வைத்திருந்த கோழிகளின் கால்கள் திடீரென்று தள்ளாடின. சில மாதங்களில் அவை தாமாகவே தேறின. விசாரித்தபோது விஷயம் சமையலறையில் இருந்தது. மருத்துவமனையில் மிஞ்சிய, நன்றாகத் தீட்டிய வெள்ளரிசிச் சோறு கோழிகளுக்குப் போயிருக்கிறது. புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்து அரிசியைச் சிவிலியன் கோழிகளுக்குத் தர மாட்டேன் என்று நிறுத்தியதும், தவிட்டோடு கூடிய அரிசி தின்று கோழிகள் எழுந்து நின்றன. அந்தச் சமையல்காரரின் கறார்த்தனத்துக்கு மருத்துவ உலகம் கடன்பட்டிருக்கிறது. 1929இல் ஐக்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டில் இருந்த பொருள் பின்னர் வைட்டமின் பி1, அதாவது தயமின் என்று பெயர் பெற்றது.

இதே கேள்வியைத் தமிழ்நாட்டில், குன்னூர் ஆய்வகத்தில், புறாக்களை வைத்து ராபர்ட் மெக்காரிசன் ஆராய்ந்தார். தீட்டிய பச்சரிசி தின்ற ஆந்திரக் கடலோரத்தில் பெரிபெரி மலிந்திருந்தது. புழுங்கல் அரிசி தின்ற தமிழ் மாவட்டங்களில் அரிது. நெல்லை அவிக்கும்போது தவிட்டின் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ஆகவே புழுங்கல் அரிசி வடித்த வீட்டில் கோழிக்கு ஊற்றும் நீராகாரம் வெறும் சடங்கில்லை. புளித்த சோற்றுத் தண்ணீரில் பி வைட்டமின்களும் நன்மை தரும் நுண்ணுயிரிகளும் இருக்கின்றன. உப்புப் போடாததாக இருக்க வேண்டும், மதியத்துக்குள் கிண்ணம் காலியாக வேண்டும். மோர் என்றால் நன்றாக நீர்த்துக் கொஞ்சமாக. பாலின் லாக்டோஸைச் செரிக்கும் நொதி கோழிக்கு இல்லை, அதிகமானால் கழிச்சல்தான் மிச்சம்.

வைட்டமின் சி கதை வேறு. மனிதரால் செய்துகொள்ள முடியாத அதைக் கோழி தன் சிறுநீரகத்திலேயே செய்துகொள்கிறது. கடும் வெயிலில் மட்டும் அந்த உற்பத்தி தேவைக்குப் போதாது. அதனால்தான் பண்ணைகள் கோடையில் அதைச் சேர்க்கின்றன. ஓடு மெலிவதையும் அது ஓரளவு தடுக்கும். தண்ணீரில் கரைத்தால் ஆயுள் சில மணி நேரம்தான். வெயிலும் குளோரினும் இரும்புக் கறையும் அதை அழித்துவிடும். அதிகாலையில் கலந்து, நிழலில் வைத்து, வெயில் ஏறுவதற்குள் குடிக்கவிட்டால் பலன் உண்டு. முதல் நாள் கலந்து மூடி வைத்த ‘வைட்டமின் தண்ணீர்’ பெயரளவில்தான் வைட்டமின்.

சேர்க்கும் பொருள்கள் ஒன்றையொன்று கெடுப்பதும் உண்டு. மழைக்காலத்தில் குஞ்சுகளை வாட்டும் ரத்தக் கழிச்சலுக்குத் தண்ணீரில் கலந்து தரும் மருந்து ஆம்ப்ரோலியம். அதன் மூலக்கூறு தயமினைப் போலவே இருக்கும். ஒட்டுண்ணி அதைத் தயமின் என்று எடுத்துக்கொண்டு ஏமாந்து பட்டினியில் சாகும். அதே நாட்களில் ‘சத்துக்கு ஆகட்டும்’ என்று பி காம்ப்ளெக்ஸையும் ஊற்றினால் ஒட்டுண்ணிக்கு உண்மையான தயமின் கிடைத்துவிடும், மருந்து வீண். மருந்து முடிந்த பிறகு கொடுப்பதுதான் முறை. டெட்ராசைக்ளின் வகை மருந்துகளைக் கால்சியம் பிணைத்துக்கொள்ளும் என்பதால் அவற்றோடு கால்சியம் டானிக் சேரக்கூடாது. கோலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட நுண்ணுயிர்க்கொல்லியை உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களுக்குத் தருவதை இந்தியா 2019இல் தடை செய்தது. மருத்துவர் எழுதாமல் எந்த நுண்ணுயிர்க்கொல்லியையும் கோழித் தண்ணீரில் கலக்கக் கூடாது என்பதற்கு அதைவிடப் பெரிய எச்சரிக்கை தேவையில்லை. மருந்து நாட்களின் முட்டையை வீட்டில் தின்னவும் கூடாது.

கால்சியத்தைத் தண்ணீரில் தேடுவதே வீண் வேலை. ஓடு உருவாக 20 மணி நேரம் வரை ஆகிறது, பெரும்பகுதி இரவில். குப்பத்து மணலில் கிடைக்கும் கிளிஞ்சலைக் கழுவிக் காயவைத்து, நொறுக்கித் தனித் தட்டில் மாலையில் வைத்தால், தேவைப்படும் பெட்டை தேவையான அளவு கொத்திக்கொள்ளும்.

வினிகர் மேற்கிலிருந்து வந்த மோகம். சுத்தமான பிளாஸ்டிக் கிண்ணத்தில் சில துளிகள் கெடுதல் இல்லை. துத்தநாகம் பூசிய தகரத் தட்டில் ஊற்றினால் அமிலம் துத்தநாகத்தைக் கரைத்துத் தண்ணீரில் சேர்த்துவிடும். ஓடு மெலியும் கோடையில் அமிலம் முட்டைக்கோழிக்கு எதிர்த்திசை வேலை. பூண்டு, சின்ன வெங்காயம், மஞ்சள், கீழாநெல்லி எல்லாம் தண்ணீரில் ஊறவைப்பதைவிட, அரைத்துத் தீனியில் பிசைந்து தருவதே நம் ஊர் வழக்கம், அதுதான் கிண்ணத்துக்கும் நல்லது.

ஐப்பசி பிறந்தால் கவலை தலைகீழாகிவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சாக்கடையும் மழைநீரும் கலந்து வீடுகளுக்குள் வந்தன. அப்படிப்பட்ட வாரத்தில் கோழிக்குத் தண்ணீர் தட்டுப்பாடே கிடையாது. எங்கு பார்த்தாலும் குட்டை, எல்லாக் குட்டையிலும் குடிக்கும். பாரிஸில் லூயி பாஸ்டர் 1879, 1880 ஆண்டுகளில் ஆராய்ந்த கோழிக் காலரா இந்த வழியிலும் பரவும். ஆய்வகத்தில் வீரியம் குறைத்த கிருமியால் செய்த முதல் தடுப்பு மருந்து கோழிக்காக உருவானது. ரத்தக் கழிச்சல் கிருமியின் முட்டைகளோ குளோரினுக்கு அசைவதில்லை. தரையை உலர்த்துவதுதான் அதற்கு மருந்து. கிண்ணத்தைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, காகம் குளிக்காமல் மேலே மூடி போட்டு, வெள்ளம் வடிந்த வாரம் முழுக்கக் கொதித்தாறிய அல்லது குளோரின் கலந்த தண்ணீரை மட்டும் வைக்க வேண்டும். ஒன்றிரண்டு கோழி அடுத்தடுத்துச் செத்தால், டானிக் வாங்க ஓடுவதற்கு முன் செத்த கோழியைக் கையுறை போட்டு எடுத்துப் பையில் கட்டி, குரும்பாப்பேட் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பரிசோதிப்பது மிச்சக் கோழிகளைக் காப்பாற்றும்.

இதே குளோரின் இன்னொரு நாள் எதிரியாகிவிடும். வெள்ளைக்கழிச்சல் என்று ஊரில் சொல்லும் ராணிக்கெட் நோய், 1920களின் இறுதியில் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கெட்டில் கண்டறிந்ததால் அந்தப் பெயர் பெற்றது. ஒரே வாரத்தில் தெருவிலுள்ள கோழிகளையெல்லாம் துடைத்துவிடக் கூடியது. அதற்கான லசோட்டா தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்கலாம். அதில் இருப்பது உயிருள்ள வைரஸ். குளோரின் பட்டாலோ, பர்மாங்கனேட் போட்டு இளஞ்சிவப்பாக்கிய தண்ணீரில் கலந்தாலோ அந்த வைரஸ் செத்துப்போகும். அதனால் கிருமிநாசினி எதுவும் சேராத தண்ணீரில், லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடரைக் கரைத்து, சற்று நேரம் கழித்து மருந்தைச் சேர்க்கிறார்கள். மிச்சமிருக்கும் குளோரினைப் பால்புரதம் பிடித்துக்கொள்ளும். கோழிகளை முன்கூட்டியே இரண்டு மணி நேரம் தாகத்தில் வைத்து, மருந்துத் தண்ணீரை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும்.

பண்ணையில் இது நடக்கும். முத்தியால்பேட்டைச் சந்தில் நடக்காது. காலையில் திறந்துவிட்ட கோழி, தாகமெடுத்தால் பக்கத்து வீட்டு அடிபைப்பிலோ மீன் கழுவிய தண்ணீரிலோ வாய் நனைத்துவிட்டுத்தான் வரும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இந்தச் சுபாவத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, டி58 என்ற வகை வைரஸைக் குருணையில் ஏற்றி, தீனி வடிவத்தில் ஒரு ராணிக்கெட் தடுப்பு மருந்து தயாரித்தது. கூட்டைத் திறக்கும் முன், பசியோடு நிற்கும் கோழிகளுக்கு முன்னால் அதைத் தூவினால் போதும். தண்ணீரில் எதையும் கலக்க வேண்டியதில்லை.